போர்டு இல்லாத ஓட்டலும் எங்க கழனி அரிசியும்



ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. நவரை அறுப்பு முடிச்சு, சொர்ணவாரிக்கு சேடை ஓட்டி, நட்டு முடிக்கவே நேரம் சரியாப் போச்சு. இன்னைக்குக் காலையில இருந்து மழை. கழனிப் பக்கம் போக முடியல. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். கடைசியில அது அரிசி பத்தின விஷயம்தான். ஆனா ஆரம்பம் ஓட்டல் சாப்பாடு.

போன மாசம் சென்னையில பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். மேடவாக்கம் தாண்டி ஒரு அடுக்குமாடி, மூணாவது தளம். ஞாயித்துக்கிழமை ராத்திரி. பொண்ணுக்கு லேசா ஜுரம். "வெளியில சொல்லிடலாம் மாமா, உங்களுக்கு என்ன வேணும்?"னு மாப்பிள்ளை போனை எடுத்தார். அவருக்கு பிரியாணி. பேரனுக்கு நூடுல்ஸ். எனக்கும் பொண்ணுக்கும் எலுமிச்ச சாதம், தயிர் சாதம். மூணும் மூணு கடை. பிரியாணிக் கடை பேரு ராஜா காலத்து அரண்மனை மாதிரி இருந்துச்சு. நூடுல்ஸ் கடைக்கு சைனாப் பேரு. எனக்கு வாங்கின கடை பேரைப் படிச்சா, ஏதோ பாட்டி ஒருத்தி விறகடுப்புல உட்கார்ந்து ஊதிக்கிட்டு இருக்கற மாதிரி தோணுச்சு.

அரை மணி நேரத்துல மூணு பசங்க மூணு பையோட அடுத்தடுத்து வந்தாங்க. எனக்கு ஒரு பழக்கம், எந்த பில்லா இருந்தாலும் கண்ணாடி போட்டுப் படிச்சிடுவேன். உரக்கடை பில்லைப் படிச்சுப் படிச்சு வந்த பழக்கம். அப்படித்தான் மூணு பில்லையும் விரிச்சேன். மூணுலயும் ஒரே தெரு, ஒரே கதவு நம்பர்.

"மாப்பிள்ளை, மூணு ஓட்டலும் ஒரே வீட்டுலயா இருக்குது?"

அவர் சிரிச்சார். "அது கிளவுட் கிச்சன் மாமா. ஓட்டல்லாம் கிடையாது. சமையக்கட்டு மட்டும்தான். பேரு மட்டும் தனித்தனி."

சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் காலையில பேரனைப் பள்ளிக்கூட வேன்ல ஏத்திட்டு, அந்த அட்ரஸைத் தேடி நடந்தேன். இருபது நிமிஷ நடை. அந்தத் தெருவுல ரெண்டு பேருகிட்ட கடைப் பேரைச் சொல்லிக் கேட்டேன், யாருக்கும் தெரியல. இஸ்திரி போடறவர்கிட்ட கதவு நம்பரைச் சொன்ன பிறகுதான், "ஓ, பைக்கு நிக்கிற எடமா?"ன்னு கை காட்டினார்.

பாதி இறக்கின ஷட்டர். போர்டு கிடையாது. வாசல்ல ஏழெட்டு பைக். ஓரமா ஒரு சின்ன ஜன்னல், அதுல ஒரு பலகை. உள்ள இருந்து தாளிக்கிற வாசனை வருது, புகைபோக்கி சத்தம் கேக்குது, ஆளு தெரியல. ஜன்னல்ல ஒரு பையன் தலையை நீட்டி, "ஆர்டர் நம்பர் சொல்லுங்க"ன்னான்.

"நம்பர் இல்லப்பா. நேத்து இங்கிருந்து சாப்பிட்டேன். இப்ப ரெண்டு இட்லி கெடைக்குமா?"

"இங்க நேர்ல குடுக்கறது இல்ல சார். ஆப்ல போடுங்க."

"இதோ நிக்கிறேனே. காசு குடுத்து வாங்கிக்கிறேன்."

"சிஸ்டத்துல ஏத்த முடியாது சார்."

அவன் மேல தப்பு இல்ல, மரியாதையாத்தான் சொன்னான். ஆனா அடுப்புக்குப் பத்தடி தூரத்துல, கையில காசோட நின்னுக்கிட்டு, பசிக்குதுன்னு சொல்லியும் சோறு வாங்க முடியாம திரும்பினது என் வயசுக்கு அதான் முதல் தடவை.

இதைப் படிக்கிற பட்டணத்து நண்பர்கள், "இது தெரியாதா உங்களுக்கு?"ன்னு சிரிப்பீங்க. எனக்குத் தெரியாதுதான். அதனால வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன்.

நம்ம நாட்டுல இந்தத் தொழில் இப்ப ரொம்பப் பெருசு. புனேயில ஃபாசோஸ்னு ரோல் விக்கிற கடையா ஆரம்பிச்ச ஒரு கம்பெனி, இன்னைக்கு ரெபெல் ஃபுட்ஸ்ங்கற பேருல ஒரே சமையக்கட்டுல இருந்து பிரியாணி, பீட்சா, இனிப்புன்னு பல பேருகள்ல விக்குது. 2021ல அதோட மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டுச்சு. ஸ்விக்கி 2014ல பெங்களூருல ஆரம்பிச்சது. 2017லயே, ஓட்டல்காரங்க வந்து சமைச்சுக்கிறதுக்குன்னு தனியா சமையக்கட்டு அமைச்சுக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கொரோனா வந்து ஓட்டல் எல்லாம் பூட்டினப்போ, பந்தி இல்லாத சமையக்கட்டுதான் தாக்குப்பிடிக்கும்னு ஊருக்கே புரிஞ்சு போச்சு.

வெளிநாட்டுல இதுக்குப் பேய்ச் சமையலறைன்னே பேரு. அமெரிக்காவுல மிஸ்டர் பீஸ்ட்னு ஒரு யூடியூப்காரர் இருக்கார். உங்க பசங்களைக் கேட்டா சொல்லுவாங்க. 2020 டிசம்பர்ல அவர் பேருல பர்கர் விக்க ஆரம்பிச்சாங்க. ஒரே நாள்ல சுமார் 300 இடம். அவருக்குன்னு ஒரு அடுப்புகூட கிடையாது. ஏற்கெனவே இருந்த யார் யாரோ ஓட்டல் சமையக்கட்டுல, அவர் பேரை ஒட்டி அனுப்பினாங்க. 2023ல அவரே அந்தக் கம்பெனி மேல கேஸ் போட்டார். வாயில வைக்க முடியாத பர்கரை என் பேருல விக்கறாங்க, என் பேரு கெட்டுப் போகுதுன்னு. பேருக்குச் சொந்தக்காரனே அடுப்புகிட்ட போக முடியல பாருங்க.

இதுவரைக்கும் எழுதினதை வெச்சு, நான் கிளவுட் கிச்சனைத் திட்டப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. இல்லீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அதுலதான் பொழைக்கிறாங்க. நான் சொல்ல வந்ததே அவங்க கதைதான்.

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அந்த அக்கா மெஸ் வெச்சிருந்தாங்க. நாலு பெஞ்சு. காலையில இட்லி, பொங்கல். மத்தியானம் சாப்பாடு, கலந்த சாதம். பன்னெண்டு வருஷமா அவங்களுக்கு அரிசி நான்தான் குடுத்தேன். சம்பாவுல பொன்னி வெச்சு, அந்த நெல்லை வீட்டுலயே ஒரு வருஷம் கட்டி வெச்சு, தேவைக்கு மில்லுல குடுத்து புழுங்கல் அரைச்சு, நானே டிவிஎஸ் எக்ஸ்எல்ல போட்டுக்கிட்டுப் போய் இறக்குவேன். இறக்கிட்டு அங்கயே ஒரு வாய் சாப்பிட்டுட்டு வருவேன்.

அந்த நாலு பெஞ்சுல நான் கத்துக்கிட்டது வேளாண் அலுவலகத்துல கத்துக்கிட்டதை விட ஜாஸ்தி. "இன்னா தம்பி, இந்த வாட்டி சோறு வெளுப்பு கம்மியா கீது?"ன்னு அக்கா கேப்பாங்க. பக்கத்துல சாப்பிடற டிரைவர், "நேத்து வெச்சது நல்லா இருந்துச்சே, இது வேற மூட்டையா?"ன்னு சொல்லுவார். அறுப்பு மழையில நனைஞ்ச நெல்லு எது, நல்லாக் காய்ஞ்ச நெல்லு எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா நாக்குக்குத் தெரியும். அந்த வார்த்தை என் காதுல விழும். அடுத்த தடவை களத்துல இன்னும் ஒரு வெயில் கூடக் காய வைப்பேன்.

கொரோனாவுல மெஸ்சைப் பூட்டினாங்க. பூட்டின கடைக்கும் வாடகை. வளையல் போச்சு. அப்புறம் அவங்க மகன் சொன்ன யோசனையில படப்பை பக்கம் ஒரு ஷெட் எடுத்தாங்க. ஒரகடத்துக் கம்பெனிங்க பக்கம், ரூம் எடுத்துத் தங்கியிருக்கற பசங்க ஏராளம். பெஞ்சு வேணாம், சர்வர் வேணாம், மெயின் ரோட்டு வாடகை வேணாம். ஒரு டேப், ஒரு பில் மெஷின், அடுப்பு, போதும். ஒரே அடுப்புல மூணு பேரு வெச்சாங்க. சாதம் ஒரு பேரு, டிபன் ஒரு பேரு, அசைவம் ஒரு பேரு. ஆர்டர் பிடிச்சுக்கிச்சு. அடகுல இருந்த நகையை மீட்டாங்க. அந்தத் தொழில் இல்லாட்டி அந்தக் குடும்பம் எழுந்திருக்காது. அதை நான் மறுக்க மாட்டேன்.

போன வருஷம் சித்திரைக் கடைசியில அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, அரிசி தீந்துபோச்சு, அஞ்சு மூட்டை அனுப்பு." என்கிட்டயும் பழைய பொன்னி தீந்துபோயிருந்துச்சு. நவரையில கோ 51 அறுத்து இருபது நாள்தான் ஆகியிருந்துச்சு. எனக்கும் அப்போ பணத்தேவை. அதையே புழுக்கி அரைச்சு, படப்பைக்குப் போற ஒரு லோடு வண்டியில ஏத்தி விட்டேன். மெஸ்சா இருந்தா நானே கொண்டு போயிருப்பேன். இறக்கும்போதே, "அக்கா, புது அரிசி, ஒரு கொதி முன்னாடியே வடிச்சிடு"ன்னு சொல்லியிருப்பேன். வண்டிக்காரர்கிட்ட அதைச் சொல்லி அனுப்பல. போன் பண்ணிச் சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்.

சமைக்கிற நண்பர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அறுத்த சூட்டோட அரைச்ச அரிசி குழையும், ஒட்டும். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆன அரிசிதான் பருக்கை பருக்கையா உதிரும். எலுமிச்ச சாதத்துக்கும் புளி சாதத்துக்கும் புது அரிசி ஆகவே ஆகாது. போட்டாலும் கையால ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து முன்கூட்டியே இறக்கணும்.

அக்கா கையால அரிசி களைஞ்சிருந்தா தொட்டதுமே கண்டுபிடிச்சிருப்பாங்க. ஆனா படப்பை போன பிறகு அவங்க அடுப்புகிட்ட நிக்கறது இல்ல. பதினொரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் டேப் முன்னாடிதான். டொய்ங், டொய்ங்னு ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கும். எடுக்கணும், பேக் பண்ணணும், பையைச் சரியான ஆளுகிட்ட குடுக்கணும். சமையலுக்கு செய்யாறு பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். நல்ல பையன், சொன்னதைச் செய்வான். சோத்துக்கு இத்தனை நிமிஷம்னு அக்கா செவுத்துல எழுதி ஒட்டியிருந்தாங்க. அவன் கடிகாரத்தைப் பார்த்து வடிப்பான். கடிகாரம் எல்லா மாசமும் ஒண்ணுதான். அரிசி ஒண்ணு இல்லையே.

ஸ்டார் குறைய ஆரம்பிச்சுது. 4.2 இருந்தது 4 ஆச்சு. அப்புறம் 3.5. யாரும் எதுவும் எழுதல. ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார், அவ்வளவுதான். ஒருத்தர் மட்டும் "மோசம்"னு ஒரே வார்த்தை போட்டிருந்தார். எது மோசம்? உப்பா, எண்ணெயா, பை ஒழுகுச்சா, லேட்டாப் போச்சா? எப்படித் தெரியும்? அக்கா எண்ணெய் மாத்தினாங்க. எலுமிச்சம்பழம் வாங்கற கடையை மாத்தினாங்க. டப்பாவை மாத்தினாங்க. ஸ்டார் குறைஞ்சா ஆப்ல கடை கீழ போயிடுமாம், தேடினாத்தான் தெரியுமாம். நாளைக்கு நூத்திச் சொச்சம் வந்த ஆர்டர் நாப்பதுக்கு வந்துச்சு.

கடைசியில பழி அந்தப் பையன் மேல விழுந்துச்சு. மத்த ஆளுங்க எதிர்லயே, "உனுக்குக் கை பக்குவமே இல்ல"ன்னு சொல்லி கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க.

அரிசிப் பணம் வாங்க நான் போனது அதுக்கு நாலு நாள் கழிச்சு. "ஒரு வாய் சாப்டுட்டுப் போ தம்பி"ன்னு பழையபடி ஒரு தட்டுல எலுமிச்ச சாதம் வெச்சாங்க. ஒரு கவளம்தான் எடுத்தேன். தெரிஞ்சுபோச்சு. அது என் அரிசி. என் கழனியில வெளைஞ்சு, நான் சொல்ல மறந்த புது அரிசி.

"அக்கா, தப்பு என்னுதுக்கா"ன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்தப் பையனுக்குப் போன் பண்ணி, என்கிட்டயும் குடுத்தாங்க. நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் அதுக்குள்ள ஒரு கம்பெனி கேண்டீன்ல சேர்ந்திருந்தான். "பரவால்லண்ணே. ஆனா நான் வரல. அங்க எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாங்க"ன்னான். அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன சொல்றது?

இந்த விஷயத்துல கெட்டவங்க யாரு? அக்கா இல்ல. பையன் இல்ல. ஸ்டார் போட்டவங்களையும் தப்புச் சொல்ல முடியாது. காசு குடுத்து வாங்கினது குழைஞ்சு வந்தா யாருக்கும் கோபம் வரும். தப்பு என்னுது. ஆனா தப்பு எல்லாக் காலத்துலயும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. பழைய மெஸ்சுல இதே அரிசியைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? முதல் பந்தியிலயே ஒருத்தர், "யக்கா, இன்னா இது, களி மாதிரி கீது?"ன்னு சத்தம் போட்டிருப்பார். அக்கா ஒரு கவளம் வாயில போட்டுட்டு, எனக்குப் போன் பண்ணித் திட்டியிருப்பாங்க. ரெண்டாவது பந்திக்கு சோறு சரியாயிருக்கும். ஒரு மணி நேர விவகாரம். அது ஒரு மாசம் ஓடி, ஒருத்தன் வேலையை வாங்கிக்கிட்டுப் போச்சு. காரணம், சாப்பிட்டவங்க வாயில இருந்து சமைச்சவங்க காதுக்குப் போற வழி அடைஞ்சு கிடந்துச்சு.

"ஓட்டல் சமையக்கட்டை மட்டும் நாங்க என்ன உள்ள போயா பார்த்தோம்?"னு மாப்பிள்ளை என்கிட்ட கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் பார்த்தது இல்லதான். பார்த்திருந்தா பாதி ஓட்டல்ல சாப்பிட்டிருக்கவே மாட்டோம். ஆனா கல்லாவுல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் மூஞ்சியைப் பார்த்து, "நேத்து சாம்பார் புளிச்சுது"ன்னு சொல்ல முடிஞ்சுது. கல்யாணத்துல சமைச்ச ஆளை யாரும் பார்க்கறது இல்ல, ஆனா கடைசிப் பந்தி முடிஞ்சதும் சமையல் மாஸ்டர் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, "சாப்பாடு எப்படிங்க?"ன்னு கேப்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் ராத்திரி முழுக்க முழிச்சிருப்பார்.

தூரமும் பிரச்சினை இல்ல. பம்பாய்ல டப்பாவாலாக்கள் 1890ல இருந்து வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டு போறாங்க. எத்தனையோ கை மாறிப் போகுது. ஆனா டப்பாவோட ஒரு முனையில சமைச்சவங்க, இன்னொரு முனையில சாப்பிடறவங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல 2023ல இருந்து காலை உணவு போடறாங்க. சமைக்கிற பொண்ணோட பிள்ளையும் அதே வரிசையில உட்கார்ந்து அதே உப்புமாவைத்தான் சாப்பிடுது. அந்தப் பொண்ணு ரவையைச் சலிக்காம போடுமா, சொல்லுங்க?

வழி அடைச்சுட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு எங்க மாவட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 2021 டிசம்பர்ல சுங்குவார்சத்திரம் பக்கத்துல இருக்கற ஃபாக்ஸ்கான் கம்பெனியில வேலை செஞ்ச பொண்ணுங்க, விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு ஏகப்பட்ட பேர் சுருண்டாங்க. 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. எல்லாம் நம்ம மாதிரி கிராமத்துல இருந்து போன பிள்ளைங்க. அது ஆப்ல வாங்கின சாப்பாடு இல்ல, தெரியும். ஆனா எங்க, யார் சமைக்கிறாங்க, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம சாப்பிட்ட சாப்பாடுதான் அதுவும். கேக்கறதுக்குக் கல்லா இல்ல. அதனால சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில போய் உட்கார்ந்தாங்க. அப்புறம்தான் கம்பெனியை மூடினாங்க, விடுதியைச் சோதிச்சாங்க. அந்த விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் எங்க விதிக்கு ஒத்துவரலன்னு ஆப்பிளே சொல்லுச்சு. ஒரு வாய்ச் சோத்துக்குக் கேள்வி கேக்க ரோட்டுக்கு வர வேண்டியிருந்துச்சு பாருங்க.

இதுல விவசாயிக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கலாம். நாங்க எப்பவோ காணாமப் போனவங்கதான். 2025 செப்டம்பர்ல ஆரம்பிச்ச பருவத்துக்கு, அரசு கொள்முதல் நிலையத்துல சாதா ரக நெல்லுக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபா, சன்ன ரகத்துக்கு 2,545. கிலோ 25 ரூபான்னு வெச்சுக்கோங்க. நூறு கிலோ நெல்லு அரைச்சா ஏறக்குறைய 65 கிலோ அரிசி. ஒரு பார்சல் எலுமிச்ச சாதத்துக்கு 125 கிராம் அரிசி போவும்னு அக்கா கணக்கு. அப்படின்னா அந்தப் பார்சல்ல என் நெல்லோட பங்கு அஞ்சு ரூபாகூட இல்ல. நீங்க குடுக்கறது 120, அதுக்கு மேல டெலிவரி, பேக்கிங், வரி. நான் இதைப் புலம்பலாச் சொல்லல, இந்தக் கணக்கு எங்களுக்குப் பழகிப் போச்சு. நெல்லு கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சாக்குல ஏறின நிமிஷமே எங்க பேரு அழிஞ்சிடும். அதுக்கப்புறம் அது யார் தட்டுக்குப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது.

ஆனா சமைக்கிறவங்களுக்காவது ஒரு மூஞ்சி இருந்துச்சு. எங்களுக்கும் சாப்பிடறவங்களுக்கும் நடுவுல மிச்சம் இருந்த ஒரே மூஞ்சி அது. அதுவும் இப்போ ஷட்டருக்குப் பின்னால போயிடுச்சு. சாப்பிடறவர் யாருன்னு சமைக்கிறவருக்கும் தெரியறது இல்ல. இந்திய உணவகச் சங்கம் 2021ல போட்டி ஆணையத்துல இந்த ஆப் கம்பெனிகள் மேல குடுத்த புகார்ல, வாடிக்கையாளர் விவரத்தை எங்களுக்குக் காட்டறதே இல்லங்கறதும் ஒண்ணு. 2022 ஏப்ரல்ல ஆணையம் விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. ஆக, ரெண்டு பக்கமும் திரை. நடுவுல வெயில்லயும் மழையிலயும் ஓடற டெலிவரிப் பையன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியற ஆளு. சோறு குழைஞ்சதுக்கும் அவன்தான் திட்டு வாங்கறான். அவனும் எங்க ஊர் மாதிரி ஏதோ ஒரு ஊர்ல கழனியை விட்டுட்டு வந்தவனா இருப்பான்.

உத்திரமேரூர் எங்களுக்குப் பக்கத்து ஊரு. வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தகச் சோழன் காலத்து, கி.பி. 919, 921 வருஷத்துக் கல்வெட்டு இருக்கு. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அதுல ஒரு விதி. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரையும், அவனுக்கு நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் குடத்துல போடக் கூடாது. பொறுப்பு எடுத்துக்கறவன் பேரு ஊருக்குத் தெரியணும், கேட்டா பதில் சொல்லணும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏரி வாரியத்துக்கே இந்த விதி. நம்ம வயித்துக்குப் போற சோத்துக்கு வேணாமா?

அதனால என் வாதம் இதுதான். கிளவுட் கிச்சன் இருக்கட்டும். அக்கா மாதிரி எத்தனையோ பேருக்கு அது வாழ்வு. ராத்திரி ஷிப்டு முடிச்சு வர்ற பிள்ளைங்களுக்கு, ஜுரத்துல படுத்திருக்கற என் பொண்ணு மாதிரி ஆளுங்களுக்கு அது உதவி. ஆனா அதுக்கு ஒரு கல்லா வேணும். ஒரே அடுப்புல எத்தனை பேரு ஓடுதோ அத்தனையையும், சமையக்கட்டோட சொந்தப் பேரோட, மெனுவுக்கு மேலயே போடணும்னு அரசு விதி கொண்டு வரணும். மூணு கடையில வாங்கினோம்னு நினைச்சு ஒரே கடையில வாங்கறது, ஒரே நெல்லை மூணு சாக்குல கட்டி மூணு ரகம்னு விக்கறதுக்குச் சமம். அதை நாங்க செஞ்சா கலப்படம்ங்கறாங்க.

விதி வர்ற வரைக்கும் நீங்க செய்யக்கூடியது சிலது இருக்கு.

ஆப்ல மெனுவோட அடிவரைக்கும் தள்ளிப் பாருங்க. அட்ரஸும், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தோட 14 இலக்க நம்பரும் இருக்கும். 2022 ஜனவரியில இருந்து பில்லுலயும் அந்த நம்பர் இருக்கணும்னு விதி. ஃபாஸ்காஸ் இணையதளத்துல அந்த நம்பரைப் போட்டா, உரிமம் யார் பேருல இருக்குன்னு தெரிஞ்சிடும். ரெண்டு நிமிஷ வேலை.

அடிக்கடி வாங்கற இடம் பக்கத்துல இருந்தா ஒரு தடவை நடந்து போங்க. என்னை மாதிரி இட்லி கெடைக்காம திரும்ப வேண்டியிருக்கும், பரவாயில்ல. வாசல் எப்படி இருக்கு, சாக்கடை எங்க ஓடுது, அரிசி மூட்டை எங்க அடுக்கியிருக்குன்னு பார்த்துட்டு வந்தா போதும். பார்க்கற ஆளு வருவாங்கன்னு தெரிஞ்சாலே உள்ள இருக்கறவங்களுக்கு ஒரு கவனம் வரும்.

முக்கியமா ஒண்ணு. ஸ்டாரை மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க. கீழ ஒரு கட்டம் இருக்குமே, அதுல ஒரு வரி எழுதுங்க. "சோறு குழைஞ்சிருக்கு." "உப்பு தூக்கல்." "இன்னைக்கு ரசம் நல்லா இருந்துச்சு." அவ்வளவு போதும். ஒரு ஸ்டாரைப் பார்த்து யாராலயும் சோறு வடிக்கக் கத்துக்க முடியாது. அன்னைக்கு யாராவது ஒருத்தர் "சோறு குழைஞ்சிருக்கு"ன்னு ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா, அக்கா பானையைத்தான் பார்த்திருப்பாங்க, பையனைப் பார்த்திருக்க மாட்டாங்க.

என் பங்குக்கு நானும் ஒண்ணு செய்யறேன். இந்த வருஷத்துல இருந்து, யாருக்கு அரிசி குடுத்தாலும் சாக்கு மேல மார்க்கர்ல பெருசா எழுதறேன். என்ன ரகம், எந்த மாசம் அறுத்தது, எப்போ அரைச்சது, என் போன் நம்பர். போன வாரம் அக்காவுக்கு அனுப்பின மூட்டையில, "நவரை, கோ 51, புது அரிசி, இட்லிக்கு மட்டும்"னு எழுதினேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு போன். புதுசா சேர்ந்திருக்கற சமையல்காரப் பொண்ணு.

"அண்ணே, நீங்கதான் அரிசிக்காரரா? மூட்டையில நம்பர் இருந்துச்சு. இதை எத்தினி மணி நேரம் ஊற வைக்கணும்?"

பத்து நிமிஷம் பேசினோம். அந்தப் பொண்ணு பேரு இன்னும் எனக்குத் தெரியாது, அடுத்த தடவை கேக்கணும்.

மழை விட்டிருக்கு. நட்டு பத்து நாள்தான் ஆகுது, பயிர் தண்ணியில மூழ்கிடும். போய் மடையைத் திறந்து விட்டுட்டு வரேன்.